தெரிந்தே மாற்றினேன்

தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில் அம்மாவின் படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதி ஒட்டியிருந்தார்கள். அவளுடைய கணக்கை முடிக்க வரச்சொல்லியிருந்தார்கள். போன இடத்தில் படித்தேன். ‘அமைதியும் பணிவும் நிறைந்த மூத்த ஊழியர். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தவர்.’ நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் அது வேறு யாரோ. என் அம்மா, சொன்ன வேலையைச் சொன்னபடி செய்யாததால் ஒருமுறை வேலையையே இழக்கப் பார்த்தவள்.

அம்மா இறந்து ஐந்து வாரம் ஆகிறது. கணையத்தில் கட்டி, மூன்றே மாதம். அதைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை. மற்றதை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பா இறந்தபோது எனக்கு நான்கு வயது. அம்மா பத்தாவது வரை படித்தவள். குளியலறைக் குழாய்களுக்குத் தங்க நிறம் ஏற்றும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அது தங்கம் இல்லை. காற்றை உறிஞ்சி எடுத்த இரும்புப் பெட்டிக்குள் ஒரு டைட்டானியத் தட்டு இருக்கும். கொஞ்சம் ஆர்கான் வாயு, அதைவிடக் கொஞ்சம் நைட்ரஜன் விட்டு மின்சாரம் கொடுத்தால், தட்டிலிருந்து உதிரும் உலோகம் நைட்ரஜனோடு சேர்ந்து குழாயின் மேல் படியும். டைட்டானியம் நைட்ரைடு. நைட்ரஜன் குறைந்தால் வெளிறிய வெள்ளி நிறம். சரியாக இருந்தால் தங்கம். கூடினால் செம்பழுப்பு. பதினொரு ஆண்டுகள் அம்மா அந்த நிறங்களைப் பார்த்தாள். கடையில் குழாயைக் கண்டால் நின்றுவிடுவாள். “இதுக்கு மூச்சு முட்டிப்போச்சு,” என்பாள். நைட்ரஜன் கூடிவிட்டது என்று அர்த்தம். கடைக்காரர் முறைப்பார். நான் அவள் கையைப் பிடித்து இழுப்பேன்.

பட்டறை மூடியதும் சோலார் பேனல் செய்யும் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். நேர்காணலில் எல்லாரும் இயந்திரப் படிப்பு படித்த பையன்கள். அம்மாவிடம் கடைசியாக, வந்ததற்கு ஒரு கேள்வி கேட்போமே என்று கேட்டார்களாம்: “டைட்டானியம் நைட்ரைடுன்னா என்னன்னு தெரியுமா?”

“தெரியும். எந்த நெறத்துல வேணும்?” என்றாளாம் அம்மா.

அன்றே எடுத்துக்கொண்டார்கள்.

அந்தத் தொழிற்சாலையின் பேனல், கண்ணாடி மேல் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிய வைத்த மெல்லிய படலங்கள்தான். வெயில் கண்ணாடிப் பக்கமிருந்து வரும். நடுவில் உள்ள படலம் அதை மின்சாரமாக்கும். அந்த மின்சாரத்தைப் பின்பக்கமாக வெளியே எடுக்க ஓர் அலுமினியப் படலம் வேண்டும். ஆனால் அலுமினியத்தை நேராகப் பூசினால் வெயில் சூட்டில் அது மெல்ல மெல்ல உள்ளே ஊறி, பேனலைக் கெடுத்துவிடும். அதனால் இடையில் ஒரு நைட்ரைடு படலம். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மின்சாரத்தைக் கடக்க விட வேண்டும், அலுமினியத்தைக் கடக்க விடக் கூடாது. அதன் வேலை அவ்வளவுதான். அதைப் பூசும் இடத்துக்குத் தொழிற்சாலையில் ‘முதுகு’ என்று பெயர். அங்கே நின்ற அம்மா ‘முதுகக்கா’ ஆனாள்.

“முதுகக்காகிட்ட மட்டும் முதுகு காட்டிடாதீங்கடா, எதையாவது பூசிடுவாங்க,” என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். அம்மா விடமாட்டாள். “மூஞ்சியப் பாத்துக்க ஒரு கண்ணாடி போதும்டா. முதுகப் பாக்க இன்னொரு ஆள் வேணும். அதான் எனக்குச் சம்பளம்.”

அவள் நின்ற இயந்திரத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்டமாக ஒரு ஜன்னல் இருந்தது. நைட்ரைடு பூசி முடிந்த கண்ணாடி, அலுமினிய அறைக்குள் போவதற்கு முன் அந்த ஜன்னலுக்குக் கீழே சில நொடிகள் ஊர்ந்து போகும். மற்றவர்கள் நைட்ரஜன் மீட்டரைப் பார்த்து ஓட்டினார்கள். அம்மா முதலில் ஜன்னலைப் பார்ப்பாள், பிறகு மீட்டரை.

நைட்ரஜன் அதிகமாகிவிட்டால் டைட்டானியத் தட்டின் மேலேயே நைட்ரைடு மூடிக்கொள்ளும். அதன் பிறகு தட்டு சரியாக உதிராது, படலம் மெலிந்துவிடும். ‘தட்டு கோவிச்சுக்கிச்சு’ என்பார்கள். நைட்ரஜனைக் கொஞ்சம் குறைத்தால் அது பழைய நிலைக்கு வராது. நிறைய குறைத்து, வெறும் ஆர்கானில் கொஞ்ச நேரம் எரியவிட்டு, பிறகு மெதுவாக ஏற்ற வேண்டும். இதைப் பிற்பாடு நான் கல்லூரியில் வளைவுகளும் சமன்பாடுகளுமாகப் படித்தேன். அம்மா சொன்னது இது: “கோவிச்சுக்கிட்டவங்களக் கெஞ்சினா இன்னும் ஏறிப்பாங்க. கொஞ்ச நேரம் கண்டுக்காம விடணும். தானா எறங்கி வருவாங்க.” அம்மா என்னிடம் கையாண்ட முறையும் அதுதான்.

அம்மா சேர்ந்து பதின்மூன்றாம் ஆண்டில் புதிய மேலாளர் வந்தார். அவருக்குப் பையன்கள் வைத்த பெயர் ‘முதல்நாள் சார்’. பேனல் செய்து முடித்ததும் முதல் நாள் எத்தனை வாட் காட்டுகிறது என்பதை அளந்து, அந்த எண்ணைப் பின்னால் ஒட்டி அனுப்புவார்கள். தினமும் காலையில் வந்து அவர் கேட்பது அது ஒன்றைத்தான். “நேத்து முதல் நாள் எவ்ளோ?” இருபது ஆண்டுகள் கூரையில் கிடக்க வேண்டிய பொருளுக்கு முதல் நாளைத் தவிர வேறு நாளே இல்லாத மாதிரி.

ஒரு நாள் புகார் வந்தது. ஒரு குளிர்பதனக் கிடங்கின் கூரையில் மாட்டிய பேனல்கள் இரண்டே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு வலுவை இழந்திருந்தன. பின்னால் ஒட்டிய தேதிகளைப் பார்த்தார்கள். கெட்டவை எல்லாம் ஒரே வாரத்தவை. புதன்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமை வரை. மேலாளர் அந்த வாரத்தின் பதிவேட்டைப் புரட்டினார். புதன்கிழமை காலை 11:10க்கு நேராக அம்மாவின் கையெழுத்தில் இருந்தது: ‘பழுப்பு. மீட்டர் பொய் சொல்கிறது. தட்டைத் தெளிய வைத்து, 18ஐ 14 ஆக்கினேன். தங்கம் வந்தது.’

நைட்ரஜன் 18 என்பது நிறுவனம் வகுத்த அளவு. மேலாளர் கையெழுத்திடாமல் யாரும் அதைத் தொடக் கூடாது.

மறுநாள் அம்மாவிடம் ஒரு கடிதத்தை நீட்டினார்கள். ‘மேற்கண்ட நாளில் நைட்ரஜன் அளவை அனுமதியின்றித் தவறுதலாக மாற்றினேன். இதனால் ஏற்பட்ட இழப்புக்கு வருந்துகிறேன்.’ கையெழுத்துப் போட்டால் ஓர் எச்சரிக்கையோடு முடியும். போடாவிட்டால் விசாரணை. அநேகமாக வேலை நீக்கம். படித்துப் பார்க்க ஒரு நாள் கொடுத்தார்கள். கடிதத்தையும், அதனுடன் இணைத்திருந்த மேலாளரின் வரைபடத்தையும் அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

நான் வந்திருந்தேன். மாமாவும் வந்திருந்தார். அம்மாவின் தம்பி, பேருந்து ஓட்டுநர். சீருடையோடு சமையலறை முக்காலியில் உட்கார்ந்து கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“அக்கா, ஒரு வார்த்தை. அதுக்குப் போயா?”

“ஒரு வார்த்தைதானே. அவங்க எடுத்துடட்டும்.”

“நீ தொட்டது உண்மைதானே?”

“தொட்டேன். கை தவறியா தொட்டேன்? நீ வண்டிய நிறுத்தறப்ப தவறுதலாவாடா பிரேக் போடற?”

“பிரேக் போட்டதுக்கு எங்கிட்ட யாரும் லெட்டர் கேக்கறதில்ல.”

“அப்ப நீ ஓட்டறது வண்டியே இல்ல.”

மாமா என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். “நீ சொல்லுடி. நீதானே அளக்கறவ.”

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மெல்லிய படலங்களில்தான் பட்டம் பெற்றேன். வரைபடத்தை இரண்டு நிமிடம் பார்த்திருப்பேன். கிடைக்கோட்டில் தேதிகள், செங்குத்துக் கோட்டில் மீதமிருக்கும் வலு. செவ்வாய் வரை நேர்கோடு. புதன்கிழமை சரிவு.

“புதன்கிழமைலேர்ந்து விழுதும்மா. நீ மாத்தினதும் புதன்கிழமை. இதுல சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. கையெழுத்துப் போட்டுடு.”

அம்மா கோபப்படவில்லை. “சரி, சொல்லிட்ட,” என்றாள். பேனாவை எடுத்தாள். ‘தவறுதலாக’ என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தாள். அதற்கு மேலே ‘தெரிந்தே’ என்று எழுதினாள். கடைசி வரியை முழுவதுமாக அடித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். “போச்சு. கேட்டவனுக்கு எழுதியே குடுத்துட்டா.”

அவர் சொன்னது சட்டப்படி சரி. தவறுதலாகச் செய்தால் கவனக்குறைவு. தெரிந்தே செய்தால் குற்றம். அம்மாவை மறுநாளே தற்காலிகமாக நீக்கினார்கள். மூன்று வாரத்தில் விசாரணை.

அவள் எப்போதும் அப்படித்தான். கடைசியில் ஆஸ்பத்திரியிலும் ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘சிகிச்சையின் விளைவுகள் எனக்கு விளக்கிச் சொல்லப்பட்டன.’ எழுந்து உட்கார முடியாத நிலை. படித்துவிட்டு நர்ஸிடம் திருப்பிக் கொடுத்தாள். “இன்னும் யாரும் சொல்லலையேம்மா.” நர்ஸ் போய் டாக்டரை அழைத்துவந்தாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் சொன்னார். “இப்ப குடுங்க,” என்றாள்.

நீக்கப்பட்ட நான்காம் நாள் மாலை நான் வேலையிலிருந்து நேராக அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா சாப்பாட்டு மேசையில் அந்த வரைபடத்தை விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்திருந்தாள்.

“வா. விழற எடத்தப் பாத்த. ஏறற எடத்தப் பாத்தியா?”

பார்த்தேன். வெள்ளிக்கிழமை முற்பகல் வரை சரிவு. அதன் பிறகு பழைய நேர்கோடு.

“வெள்ளிக்கிழம மத்தியானம் நான் எதையும் தொடல. அந்த வாரம் பூரா பதினாலுலதான் ஓடுச்சு. அடுத்த திங்கக்கிழமதான் மீட்டர மாத்தினாங்க, அப்புறந்தான் பதினெட்டு. என் பதினாலுதான் கெடுத்துச்சுன்னா, வெள்ளிக்கிழம யாரு வந்து சரி பண்ணினா?”

அவளே சொன்னாள்.

“பேனல் பின்னாடி ஒட்டற தேதி பொறந்த தேதி இல்லடி. ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்கு வந்த தேதி. முதுகு பூசினப்புறம் சூடு காட்டி, கம்பி ஒட்டி, பின் கண்ணாடி மூடி, ஒரு நாள் விளக்குக்கு அடியில போட்டு, அப்புறந்தான் அளக்கறான். அளந்தப்புறந்தான் தேதி. முழுசா ரெண்டு நாள்.”

வரைபடத்தை இரண்டு நாள் இடப்பக்கம் நகர்த்திப் பார்த்தேன். சரிவு திங்கட்கிழமை காலையில் தொடங்கியது. புதன்கிழமை பதினொரு மணி வாக்கில் முடிந்தது. அம்மா கை வைத்த இடத்தில் கோடு விழவில்லை, எழுந்திருந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலையில்தான் நைட்ரஜன் மீட்டரைப் புதிதாக மாட்டியிருக்கிறார்கள். அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டியிருக்கிறது. 18 என்று காட்டியபோது உள்ளே போனது குறைந்தது இருபத்து மூன்று இருக்கும். தட்டு கோபித்துக்கொண்டு, படலம் மெலிந்து, அலுமினியம் உள்ளே இறங்க வழி கிடைத்திருக்கிறது. திங்களும் செவ்வாயும் அம்மா விடுப்பு. எனக்கு வீடு மாற்ற உதவி செய்ய வந்திருந்தாள். புதன்கிழமை வந்து ஜன்னலில் பழுப்பைப் பார்த்திருக்கிறாள். மேலாளர் முன்பு இருந்த தொழிற்சாலையில் முதுகு பூசும்போதே தேதி குறிப்பார்களாம். அந்தப் பழக்கத்தில் இரண்டு தேதிகளையும் ஒன்றாக வைத்துவிட்டார். அவர் தவறு அது. எது எந்தத் தேதி என்று கேட்காமலே நான் ஒத்துக்கொண்டேன். என் தவறு அது.

“அம்மா, நான் அன்னிக்கு…”

“அதெல்லாம் வேணாம். விசாரணைக்குக் கூட வா. குடும்பத்துல ஒருத்தர் வரலாம்னு போட்டிருக்கான். உன் மாமா வந்தா அழுதுடுவான்.”

விசாரணை நடத்த வெளியிலிருந்து ஒரு வக்கீல் அம்மா வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், மூட்டு வலி, நாற்காலியில் ஒரு காலை நீட்டி வைத்துத்தான் உட்கார்ந்தார். மேலாளர் வரைபடத்தைக் காட்டினார். அம்மா இரண்டு நாள் கணக்கைச் சொன்னாள். மேலாளர் சிரித்தார்.

“கேக்க நல்லாத்தான் இருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு என்ன வேணா சொல்லலாம். ஆதாரம்?”

“மாடில இருக்கு சார்,” என்றாள் அம்மா.

மொட்டைமாடியில் ஓர் இரும்புச் சட்டத்தில், தினமும் ஒரு பேனல் என்று எடுத்து வெயிலில் போட்டு வைப்பது பழைய மேலாளர் காலத்து வழக்கம். இவர் வந்த பிறகும் பேனல் போய்க்கொண்டுதான் இருந்தது. யாரும் ஏறிப் போய் அளக்கவில்லை. வக்கீல் அம்மா மாடிப்படியைப் பார்த்தார். மொத்தம் மூன்று மாடி. “ஏறிடலாம். மெதுவா வரேன்,” என்றார்.

உச்சி வெயில். பேனல்கள் மேல் புழுதியும் பறவை எச்சமும் அப்பிக் கிடந்தன. நான் வாட் அளக்கும் மீட்டரைக் கையில் எடுத்தேன். மேலாளர் கையை நீட்டித் தடுத்தார். “இவங்க அளக்கக் கூடாது. பொண்ணு, அம்மா பக்கம்தானே பேசுவாங்க.”

“இவளா?” என்றாள் அம்மா. “கையெழுத்துப் போடுன்னு சொன்னதே இவதான் சார். உங்க வரைபடம் சரின்னு சொன்னவ. என் பக்கம் எப்ப இருந்தா?”

வக்கீல் அம்மா என்னைப் பார்த்தார். “உண்மையா?”

“உண்மைதாங்க.”

“அப்ப அளங்க.”

அம்மா வாளியும் துணியும் கொண்டுவந்தாள். “இரு. அழுக்கோட அளந்தா அழுக்கத்தான் அளப்ப.” அந்த வாரத்தின் ஆறு பேனல்களையும் கழுவித் துடைத்தாள். உதவிக்குப் போன பையனை விரட்டினாள். நான் ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்தேன். வெயில் மாறிவிடும் என்று மேலாளர் சொன்னதால், கடைசியிலிருந்து தொடங்கித் தலைகீழாக இன்னொரு முறை. வியாழன் என்று ஒட்டியது, அம்மா விடுப்பில் இருந்த செவ்வாய்க்கிழமை பூசியது: ஒட்டியிருந்த வாட்டில் நூற்றுக்கு அறுபத்து நான்கு. சனி என்று ஒட்டியது, அம்மா 14இல் வைத்து ஓட்டிய வியாழக்கிழமை பூசியது: நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. முதல் நாள் அளவில் மட்டும் செத்துப்போன பேனல் ஒரு வாட் கூடுதல். படலம் மெலிந்திருந்ததால் அன்று மின்சாரம் சுலபமாகக் கடந்திருக்கிறது.

வக்கீல் அம்மா எண்களைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். மேலாளர் மீட்டரை என் கையிலிருந்து வாங்கி, சனிக்கிழமைப் பேனலைத் தானே ஒருமுறை அளந்தார். திருப்பிக் கொடுத்தார்.

கீழே வந்து முடிவைத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். வக்கீல் அம்மா சொல்லச் சொல்ல அலுவலகப் பெண் அடித்தாள். ‘பணியாளர் அனுமதியின்றிச் செய்த மாற்றம், தற்செயலாக, அதன் பின் வந்த பேனல்களைக் காத்தது. எனவே குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது.’

“தற்செயலா இல்லைங்க,” என்றாள் அம்மா.

“அம்மா, உங்களுக்குச் சாதகமாத்தான் எழுதறேன்.”

“புரியுது. ஆனா அது நடக்கல. தவறுதலான்னு போட்டா நான் முட்டாள். தற்செயலான்னு போட்டா அதிர்ஷ்டக்காரி. ரெண்டுமே வேணாம்.”

“பின்ன என்னன்னு போட?”

“பாத்தா. புரிஞ்சுது. தெரிஞ்சே மாத்தினா.”

வக்கீல் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “தெரிஞ்சேன்னு போட்டா விதிய வேணும்னே மீறினதா ஆயிடும். வேல போகாது, ஆனா ஒரு எச்சரிக்கை எழுதியே ஆகணும். அது உங்க கோப்புல கடைசி வரைக்கும் இருக்கும். பதவி உயர்வு வராது. தற்செயலான்னு விட்டா ஒண்ணுமே கிடையாது. யோசிச்சுச் சொல்லுங்க.”

நான் வாயைத் திறக்கவில்லை. ஒருமுறை திறந்தது போதும்.

“எழுதுங்க,” என்றாள் அம்மா.

எழுதினார்கள். ‘பணியாளர் நிறத்தைப் பார்த்து, மீட்டர் பிழையானது என்று அறிந்து, தெரிந்தே மாற்றினார். அனுமதி பெறாததற்காக எச்சரிக்கப்படுகிறார்.’ அம்மா ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வரும்போது மேலாளர் கூடவே வாசல் வரை வந்தார். குரலில் பழைய முறுக்கு இல்லை. “நாளைக்கு வந்துடுங்க. ஆனா அடுத்த தடவ என்னக் கேட்டுட்டு மாத்துங்க.”

“பழுப்பு வந்தா மாத்துவேன் சார். மாத்திட்டு உங்களக் கூப்பிடுவேன். வேணும்னா இன்னொரு எச்சரிக்கைய இப்பவே அடிச்சு வெச்சுக்கங்க.”

அவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். அம்மா காத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். பதவி உயர்வு வரவில்லை. மூன்று முறை அளவை மாற்றினாள். போன வாரம் பதிவேடுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மூன்று இடத்திலும் மணி, நிறம், பழைய எண், புதிய எண், காரணம். ஓரத்தில் அவள் கையெழுத்து. எந்த இடத்திலும் அனுமதி என்ற கட்டத்தை அவள் நிரப்பவில்லை.